பன்னிரண்டு வோல்ற்று வீடு

அந்த வீட்டுக்குப் போனால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பிளக்கைத்தான். கதிரை இழுத்துப் போட்டிருப்பார்கள், தேத்தண்ணி அடுப்பில் ஏறியிருக்கும். நான் செருப்பைக் கழற்றிய கையோடு சுவர்ப்பக்கம் போய்ப் புறங்கையால் அதைத் தடவுவேன். சுடுகிறதா, வெதுவெதுப்பா, சுவரைப் போலவே இருக்கிறதா?

"எங்கட அண்ணன் வந்தா மனுசருக்குச் சுகம் கேக்கமாட்டார். பிளக்குக்குத்தான் முதல்ல காய்ச்சல் பாப்பார்," என்பாள் நண்பனின் மனைவி.

பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பிளக்கை நம்பித்தான் அவளுடைய மருந்து குளிர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மன்னார்க் காற்றைப் போல என்று சொல்லலாம், ஆனால் காற்றாவது திசை மாறுகிற நாட்களில் கொஞ்சம் நின்று யோசிக்கிறது. பஸாரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது, கடையில் நான் இருந்த நேரந்தான் குறைவு. முதுகுப் பையில் வயரும் பியூஸும் குறடும் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவேன். தோட்டவெளியில் ஒரு வீட்டுக்கு சோலர் தகடு, சிலாவத்துறையில் ஒரு படகுக்கு விளக்கு, வழியில் எங்காவது ஒரு கழுதை என் தகட்டுக் காலில் முதுகு சொறிந்து சரித்துவிட்டிருந்தால் அதற்கும் ஒரு நடை. பற்றறியில் ஓடுகிற எதையும் பூட்டுவேன். எழுதுவதும் அந்த இடைவெளிகளில்தான், பற்றறி வந்த மட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உட்பக்கத்தில்.

நண்பன் எருக்கலம்பிட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது அவனும் போனான். இருபது வருடம் புத்தளம். திரும்பி வந்தபோது அவனுக்குத் தாடி நரைத்திருந்தது, எனக்குத் தலைமயிர் கொட்டி வெளித்திருந்தது. இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடந்து போய், பத்தடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்த்தோம்.

"டேய்," என்றான்.

"டேய்," என்றேன்.

அவ்வளவுதான். இருபது வருடத்தையும் பேசித் தீர்ப்பதற்கு வேறு சொல் அப்போது கிடைக்கவில்லை.

அவன் வீட்டில் கூரை இல்லை. கதவில்லை, கதவு நிலையும் இல்லை. சுவருக்குள் ஓடிய வயரைக்கூட யாரோ உருவி எடுத்திருந்தார்கள். ஆனால் மூன்று சொக்கெற்றுகள் மட்டும் சுவரில் இருந்தன. மண்ணிறம், பழைய வகை, மூன்று உருண்டை ஓட்டை உள்ளவை. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஒழுங்கைக்குக் கரண்ட் வந்தபோது அவனுடைய வாப்பா கொழும்பிலிருந்து வாங்கிவந்து பூட்டியவை. வாப்பா புத்தளத்திலேயே இறந்து அடங்கிப்போனார். சொக்கெற்றின் ஓட்டைகளைக் குளவி மண் வைத்து மூடியிருந்தது. நண்பன் ஓர் ஈர்க்குக் குச்சியால் அந்த மண்ணைக் கிண்டி எடுத்தான். பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதுபோல அவ்வளவு கவனமாக.

கூரை போட்டார்கள், கதவு வைத்தார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை. ஒழுங்கையில் தூண் நட்டிருந்தார்கள், கம்பி பிறகு வரும் என்றார்கள். அந்தத் தூண்களில் காகம் இருந்தது, பட்டம் சிக்கியது, தேர்தல் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அவன் மனைவிக்குச் சீனி வருத்தம். புத்தளத்தில் இருந்தபோதே இன்சுலின் ஊசி போடத் தொடங்கிவிட்டாள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஊசி மருந்து சூட்டில் கெட்டுவிடும். கெட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், போட்டுக்கொள்வாள், மூன்றாம் நாள் தலை சுற்றி வாய் உலர்ந்து கிடப்பாள். ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மன்னார் வெயிலுக்கு மண்சட்டி எத்தனை நாள் தாங்கும்? ஒரு தரம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். கண் பார்வை கொஞ்சம் மங்கியது அதற்குப் பிறகுதான். விரல் நுனிகளும் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன.

கட்டாரில் இருந்த நண்பனின் தம்பி ஒரு குளிர்ப்பெட்டி அனுப்பினான். காருக்குள் வைப்பதற்கென்று செய்தது. ஒரு பாண் பெட்டி அளவு. பன்னிரண்டு வோல்ற்று. நான் கூரையில் இரண்டு தகடு போட்டேன், கீழே ஒரு பெரிய பற்றறி வைத்தேன். பெட்டியோடு வந்த பிளக், காரில் சுருட்டுப் பற்றவைக்கும் குழிக்குள் செருகுகிற வகை. அதற்கேற்ற ஒரு குழியைப் பலகையில் பூட்டிக் கொடுத்தேன். காற்றுக்குக் கதவு அடிபடும், பலகை அதிரும், பிளக் அரை விரற்கடை வெளியே வரும். வந்தது தெரியாது. உள்ளே சின்ன வில் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் சூடாகும். இரண்டாம் கிழமை அதன் நுனி உருகி, புளியம்பழம் மாதிரிச் சப்பளிந்து கிடந்தது.

"வேற ஏதாவது போடு மச்சான்," என்றான் நண்பன். பிறகு சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாப்பா வச்சது. சும்மாதானே கிடக்கு. அதுக்குக் குடுத்தா என்ன?"

என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லுகிற முதல் விசயம் ஒன்று உண்டு. பற்றறிக் கரண்டுக்கு வீட்டுக் கரண்டின் சொக்கெற்றைப் போடாதேயுங்கோ. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது. ஊரில் யாரும் கேட்பதில்லை. "பற்றறிக் கரண்ட் அடிக்காதுதானே?" என்பார்கள். அடிக்காது, உண்மை. ஆனால் எரிக்கும். வீட்டுக் கரண்ட் ஒரு விநாடிக்கு நூறு தரம் மூச்சை விட்டு மூச்சை எடுக்கிறது. பிளக்கை இழுக்கும்போது பொறி பறந்தால் அந்த இடைவெளியில் தானே அணைந்துவிடும். பற்றறிக் கரண்டுக்கு அப்படி ஓர் இடைவெளி இல்லை. பிடித்தால் பிடித்ததுதான். அதனால்தான் அதற்கென்று செய்த சுவிச்சும் பிளக்கும் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், உருண்டைப் பின் சொக்கெற்றைப் பார்க்கிற எவனும் அதற்குள் இருநூற்று முப்பது வோல்ற்று இருப்பதாகத்தான் நினைப்பான். நினைக்கவேண்டும். அதற்காகத்தான் அது அந்த உருவத்தில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் அன்றைக்கே அந்த மூன்று சொக்கெற்றுக்கும் பற்றறி வயரைக் கொடுத்தேன்.

மூன்று பின் இருக்கிறது, தலைகீழாகப் போகாது, கூட்டலும் கழித்தலும் மாறாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பின்கள் தடிப்பானவை, பிடி நல்ல பிடி. பற்றறிக்குப் பக்கத்தில் பதினைந்து அம்பியர் பியூஸ் போட்டிருக்கிறேன். எல்லாம் சரிதான். குளிர்ப்பெட்டியை அதில் செருகியபோது உள்ளே சின்னக் காற்றாடி உறுமத் தொடங்கியது. நண்பன் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான், கிணற்றடியில் நெடுநேரம் நின்றான். அவனுடைய வாப்பாவின் சொக்கெற்றில் இருபது வருடத்துக்குப் பிறகு கரண்ட். அதற்கு எதிராக நான் எந்த நியாயத்தைச் சொல்லுவது?

மருந்து குளிர்ந்தது. அவள் முகம் தெளிந்தது. ஒருநாள் பெட்டியைத் துடைப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை இழுத்திருக்கிறாள், நீலமாக ஒரு நாக்கு நீண்டு மறைந்ததாம். சொக்கெற்றில் மிளகு அளவு கரி. "உங்கட வாப்பாக்குக் கோவம் வந்திட்டு," என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தாளாம். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

பிறகு நண்பனுடைய மகளின் கலியாணம்.

மாப்பிள்ளை சிலாவத்துறை. பகல் சாப்பாடு பெண் வீட்டில். மதியத்துக்கு வரச் சொன்ன கலியாணத்துக்கு நான் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன், வீட்டில் இருக்க முடியாமல். முற்றத்தில் மூன்று கல்லடுப்பில் பெரிய கிடாரங்கள். ஒன்றின் மூடி திறந்து இறைச்சி வாசம் ஒழுங்கை வரை போயிற்று. சஹன் தட்டுகளைக் கழுவி வேலியிலும் கதவடியிலும் சாத்தியிருந்தார்கள். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு தட்டும் மாட்டுவண்டிச் சில்லின் பாதி.

மைக்குக்கும் காற்றாடிகளுக்கும் வாடகை ஜெனரேற்றர் வந்திறங்கியது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு தடித்த மனிதர், பஸாரில் பார்த்துப் பழகிய முகம். கலியாண வீடுகளுக்கென்று அவர்கள் எல்லோரிடமும் ஒரு வயர் உண்டு. இரண்டு முனையிலும் பிளக். சொக்கெற் இல்லை, இரண்டு பக்கமும் பின் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையை வீட்டின் ஏதாவது ஒரு சொக்கெற்றில் செருகுவார்கள், மற்றதை ஜெனரேற்றரில். அந்த ஒரு வாசலால் கரண்ட் உள்ளே போய் வீட்டு வயர் முழுக்க ஓடும். எல்லா விளக்கும் எல்லாக் காற்றாடியும் வேலை செய்யும். மன்னார்த் தீவில் கரண்ட் இல்லாத காலம் முழுக்க எத்தனையோ கலியாணத்துக்கு இப்படித்தான் வெளிச்சம் வந்தது. அவர்களிடம் ஒரு ஒழுங்கும் இருந்தது. வீட்டு முனையை முதலில் செருகவேண்டும், ஜெனரேற்றர் முனையைக் கடைசியில். மாறிச் செய்தால் நீட்டி நிற்கும் பின்னில் கரண்ட் இருக்கும், தொட்டவர் சாவார்.

அவர் ஒழுங்காகத்தான் செய்தார். உள்ளே போய், "எங்க பிளக்?" என்று கேட்டிருக்கிறார். பூமாலைக்கும் பலகாரத்துக்கும் நடுவே நின்ற நண்பனின் மனைவி சுவரைக் காட்டியிருக்கிறாள். மூன்றில் ஒன்று சும்மா இருந்தது. அதில் செருகிவிட்டு மற்ற முனையை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். ஜெனரேற்றரின் மூடியைக் கழற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. வயரின் முனையைக் கிடாரத்தின் விளிம்பில் கொளுவினார்.

படீர்!

நீல வெள்ளை வெளிச்சம். சமையல்காரர் அகப்பையை எறிந்துவிட்டு, "யா அல்லாஹ்!" என்று இரண்டடி பின்னால் பாய்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த நான் எழும்பினேன்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்றார் ஜெனரேற்றர்க்காரர். "இன்னும் ஸ்ராட் பண்ணவே இல்லையே, எங்கால வந்தது?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பின்னில் இருந்த கரியை ஊதிவிட்டு, அந்த முனையை ஜெனரேற்றரில் செருகினார். கயிற்றைப் பிடித்தார்.

எங்கால வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது, சுவர்ச் சொக்கெற்றில் இருந்த பற்றறிக் கரண்ட் வயர் வழியே வந்து கிடாரத்தில் பாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தின் நிறத்தை நான் பிழையாகச் சொல்லமாட்டேன். பதினைந்து அம்பியர் பியூஸ் போயிருக்கும், பற்றறி தப்பிவிட்டது. ஆனால் குளிர்ப்பெட்டி பியூஸுக்கு இந்தப் பக்கம், சொக்கெற்றுகளோடு ஒரே வயரில். அவர் கயிற்றை இழுத்தால் இருநூற்று முப்பது வோல்ற்று நேரே அதற்குள் போகும். முதல்நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மாத மருந்தை எடுத்துவந்து அதற்குள் அடுக்கியிருந்தார்கள்.

"இழுக்காதேயுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கதவடியில் சஹன் தட்டு ஒன்றில் கால் பட்டு அது உருண்டு போய்க் கிணற்றுக் கட்டில் மோதிக் கோயில் மணிபோல் அதிர்ந்தது. நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. வெளியே ஜெனரேற்றர் ஒரு தரம் இருமி, பிடித்து, ஓடத் தொடங்கியது. முற்றத்துச் சந்தடியில் நான் கத்தினது அவருக்குக் கேட்கவில்லை.

என் கையில் நீட்டிக்கொண்டிருந்த பின்களில் இப்போது வீட்டுக் கரண்ட்.

வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அந்தக் கொஞ்ச நேரந்தான். பின் எதையும் தொடாதபடி, எந்த மனுசரும் அதைத் தொடாதபடி, குருத்தோலை ஞாயிறில் ஓலை பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டச் சொல்லுங்கோ... நிப்பாட்டச் சொல்லுங்கோ..." என்று மெதுவாகச் சொன்னேன். நண்பனின் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் வாசலுக்குப் போய், கலியாணப் பெண்ணின் தாய் என்பதையெல்லாம் மறந்து, ஒழுங்கை முழுக்கக் கேட்க ஒரு சத்தம் போட்டாள். ஜெனரேற்றர் நின்றது.

பிறகு சண்டை. ஜெனரேற்றர்க்காரர் விடவில்லை.

"பிளக் மாதிரி இருந்தா பிளக்குத்தான் அண்ணை. அதுக்குள்ள கார்ப் பற்றறி இருக்கெண்டு நான் சாத்திரமே பாக்கிறது? எந்தப் பேயன் இதைப் போட்டவன்?"

நண்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பழியைத் தான் எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்தது.

"நான்தான் போட்டனான்," என்றேன்.

ஜெனரேற்றர்க்காரர் என்னைப் பார்த்தார். என் கடையில்தான் அவர் பியூஸ் வாங்குகிறவர். "நீங்களோ? எனக்குப் போனமாசம் அரை மணித்தியாலம் புத்தி சொன்னீங்கள், நீங்களோ?"

"ஓம்."

அவர் சிரித்தார். அதுதான் எனக்கு அடியிலும் பெரிய அடி.

பியூஸ் மாற்றினேன். குளிர்ப்பெட்டி மறுபடி உறுமியது. ஜெனரேற்றருக்கு முற்றத்தில் தனி வயர் போட்டுக் கொடுத்தேன், வீட்டுச் சுவருக்கு அது வரவேயில்லை. கலியாணம் நடந்தது. ஒரே சஹனில் எனக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர்க்காரர். நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்கோ மாஸ்ரர்," என்றார். மாஸ்ரர் என்பதை அவர் அழுத்திய அழுத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த கிழமை நான் ஒரு பை நிறையப் பிளக்கோடு போனேன். கடையில் இருந்தது, படகுக்காரரிடம் கேட்டது, கொழும்பில் பழைய சாமான் விற்கிற தெருவில் சாக்குக்குள் கைவிட்டுப் பொறுக்கியது. எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். தெரிவு செய்வது நானல்ல என்று முடிவெடுத்திருந்தேன். என் தெரிவின் அழகைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

"தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு பூட்டிப் பாருங்கோ. பிழையாப் பூட்ட ஏலுமோ எண்டும் பாருங்கோ."

"பிழையா எப்பிடிப் பூட்டுறது?"

"உங்கட புருசன் மாதிரி."

அவள் சிரித்துக்கொண்டு முந்தானையால் கண்ணை மறைத்துக் கட்டினாள். நண்பன் வாசலில் இருந்து, "நாசமாப் போவாய்," என்றான்.

முதலில் மெல்லிய குழல் மாதிரி ஒரு பிளக். தொட்டுவிட்டு, "இது போனுக்கு. பெட்டிக்குக் காணாது," என்றாள். சரி. அதில் ஐந்து அம்பியர் ஓடினால் அவிந்துபோகும். அடுத்தது தட்டைப் பின் இரண்டு. நல்ல பிளக்தான், ஆனால் நண்பன் எழும்பி வந்து, வீட்டுக் கரண்டில் ஓடும் வெளிநாட்டுச் சோற்றுப்பானையின் பிளக்கை எடுத்து அதே சொக்கெற்றில் செருகிக் காட்டினான். போய் உட்கார்ந்தது. தள்ளிவைத்தேன். படகுக்குப் பூட்டுகிற திருகுப் பிளக் அவள் மரத்த விரலுக்குத் திருகுப்படவில்லை. மூன்று தரம் முயன்று மடியில் போட்டுவிட்டாள். நண்பன் வெளியே பார்த்தான்.

கடைசியாகச் சிவப்பு நிறத்தில் ஒன்று. ஐஸ் தொழிற்சாலைகளில் பாரம் தூக்குகிற பற்றறி வண்டிகளுக்குப் போடுவது. நெருப்புப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது. இதில் பின்னும் இல்லை, ஓட்டையும் இல்லை. இரண்டு பாதியும் அச்சு அசல் ஒரே உருவம். ஒன்றைத் திருப்பி மற்றதோடு தள்ளினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். செம்பு உள்ளே ஒளிந்திருக்கிறது, விரல் படாது, கிடாரமும் படாது. கூட்டல் கூட்டலோடுதான் சேரும். வீட்டுக் கரண்டின் பிளக் எதுவும் இதன் பக்கத்திலும் வரமுடியாது.

அவள் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு பாதியை ஒரு கையில், மறு பாதியை மறு கையில்.

"இதில ஆர் ஆம்பிளை, ஆர் பொம்பிளை?"

"ஒருத்தருமில்லை. ரெண்டும் ஒரே மாதிரி."

"அப்ப வீட்டில சண்டை வராது," என்றாள். தள்ளினாள். டக். இழுத்தாள், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், வந்தது. திரும்பத் தள்ளினாள். டக். டக். டக். கண் கட்டியபடியே, சின்னப் பிள்ளையின் கையில் சாமான் கிடைத்த மாதிரி. "இது," என்றாள்.

பிடிக்க வசதியாக ஒரு கைபிடி வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கவேண்டாம் என்று முன்னால் நேர்க் கரண்டுக்கென்று செய்த சுவிச் ஒன்று பூட்டினேன். சுவிச்சை நிப்பாட்டு, பிறகு கழற்று. அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

இனி மண்ணிறச் சொக்கெற்றுகள். அவை சுவரில் இருக்கட்டும், வயர் மட்டும் வெளியே வரவேண்டும் என்றேன். நண்பன் என் கையில் இருந்து குறட்டை வாங்கினான்.

"நான் எடுக்கிறன். என்ர வாப்பாடது."

மூன்றையும் அவனே கழற்றினான். வயரை உருவினான். பிறகு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து அதே ஆணியில் அதே இடத்தில் திரும்பப் பூட்டினான். நான் உதவப் போகவில்லை.

ஒழுங்கைக்குக் கம்பி வந்து இப்போது சில வருடம். வீட்டுக் கரண்டுக்கு வெள்ளை நிறத்தில் புதுச் சொக்கெற்றுகள், வேறு சுவரில். பெரிய குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டது. மருந்தை மட்டும் அவள் அதில் வைப்பதில்லை. காற்றுக்குக் கரண்ட் போகும், பற்றறி போகாது என்கிறாள். வாப்பாவின் மூன்றிலும் குளவி திரும்ப வந்து ஓட்டைகளை மண்ணால் மூடிவிட்டது. இந்த முறை யாரும் ஈர்க்குக் குச்சி எடுக்கவில்லை. இதைவிட நல்ல மூடியை நான் கடையில் விற்றதில்லை.

போன கிழமையும் போனேன். வழக்கம்போலப் புறங்கையால் சிவப்புப் பிளக்கைத் தடவினேன். சுவரைப் போலவே இருந்தது.

"காய்ச்சல் இல்லையோ?" என்று கேட்டாள். அவளுக்கு இப்போது பார்வை இன்னும் மங்கல். பெட்டியைத் திறந்து, தடவி, ஒரு மருந்துக் குப்பியை எடுத்து என் கழுத்தில் வைத்தாள்.

நான் துள்ளி எழும்பினேன். நண்பன் தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தான்.

"குளிருதுதானே அண்ணன்?" என்றாள். "இனியாவது கதிரையில இருங்கோ."